பேனர் காசில் ஒரு துரு வேன்

“ஏப்ரல் 14க்கு பேனர் அடிக்க வெச்சிருந்த காசைத் தூக்கி துருப்பிடிச்ச வேனுக்குக் குடுத்துட்டீங்களாமே தோழர்? அண்ணல் கோட்டு சூட்டு போட்டு நிமிர்ந்து நின்னாரு. நீங்க நம்ம பிள்ளைங்கள ஓட்டை வண்டியில ஏத்துறீங்க.”

சாரத்தில் ஒரு டீக்கடை வாசலில், பத்துப் பேர் காதில் விழும்படி, மூத்த தோழர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர் வயதுக்கும் அவர் வாங்கிய தடியடிகளுக்கும் மரியாதை வைத்து அன்று பேசாமல் வந்துவிட்டேன். இரண்டே வாரத்தில் அந்தக் கேள்வி நாலு வாய் சுற்றி, ‘மன்றக் காசை காயலான் கடையில் போட்டுட்டான்’ என்று என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆகவே எழுத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. வேனின் விலை 1,15,000 ரூபாய். 2011 மாடல் மாருதி ஆம்னி, சரக்கு ஏற்றும் கார்கோ வகை, மஞ்சள் போர்டு. வாங்கியவன் எங்கள் தெருத் தம்பி. எட்டு ஆண்டு குப்பை வண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி, அதில் கடைசி மூன்று ஆண்டு டிரைவர். அவன் சேமிப்பு 45,000. அவன் மனைவியின் கம்மலை வைத்து 30,000. மீதி 40,000 எங்கள் தெரு மன்றம் கொடுத்தது. வட்டி கிடையாது, மாதம் 2,500 வீதம் 16 மாதத்தில் திருப்ப வேண்டும். ஆம், அந்த 40,000 ஏப்ரல் 14க்கு என்று ஒதுக்கிய பணம்தான். ஃப்ளெக்ஸ் பேனர், சீரியல் செட், சவுண்டு சர்வீஸ். ஏப்ரல் 15 காலையில் அந்த ஃப்ளெக்ஸ் எல்லாம் கூரை ஒழுகும் வீடுகளுக்கு மேல்விரிப்பாகப் போய்விடும். அது ஒன்றுதான் அதன் உருப்படியான பயன். அதையும் மறுக்கவில்லை.

இனி அண்ணலின் கோட்டுக்கு வருவோம். தோழர் கோட்டைச் சொன்னார். நான் குதிரை வண்டியைச் சொல்கிறேன்.

1929ஆம் ஆண்டு. தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவில் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். வெளிநாட்டுப் பட்டங்கள் பெற்றவர், பாரிஸ்டர். விசாரணை முடிந்து திரும்பும் வழியில் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அழைத்துப் போக வந்த மகர் மக்கள் அவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைக்கிறார்கள். காரணம் பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. டோங்கா ஓட்டுகிறவர் யாரும் இவரை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தயாரில்லை. கடைசியில் ஒருவர் இறங்கி வருகிறார்: வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஓட்ட மாட்டேன். விருந்தாளியை நடக்க வைக்கக் கூடாதே என்று, டோங்கா ஓட்டிப் பழக்கமே இல்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். பாலத்தில் சக்கரம் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழ, அம்பேத்கர் கற்களின் மேல் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிந்தது. அண்ணலே தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

தோழரே, அந்தப் பாலத்தில் அவரைக் கோட்டா காப்பாற்றியது? அந்த ஊர் மகர் தெருவில், எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி, சொந்தமாக ஒரு வண்டியும் அதை ஓட்டிப் பழகிய ஒருவரும் இருந்திருந்தால் அன்று யாரிடமும் கெஞ்சியிருக்க வேண்டியதில்லை. அதே குறிப்பில் 1901இல் நடந்ததும் இருக்கிறது. அப்பாவைப் பார்க்கக் கோரேகான் கிளம்பிய சிறுவன் பீமனும் உடன் வந்த பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார்கள். சாதி தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் வர மறுக்கிறார். இரட்டை வாடகை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார் என்று பேசி முடித்த பிறகுதான் பயணம் தொடங்குகிறது. அந்தச் சிறுவன் படித்துப் பட்டம் பெற்று 28 ஆண்டு கழித்து வந்தபோதும் வண்டி விஷயத்தில் அதே இடத்தில்தான் நின்றான்.

இதற்கெல்லாம் முன்பே, 1893இல், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வெங்கானூரில் அய்யன்காளி விலை கொடுத்து ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு அதில் ஏறி, புலையர் நடக்கவே கூடாத பொதுப் பாதையில் ஓட்டிப் போனார். அடிக்க வந்தவர்களைத் திருப்பி அடித்தார்கள். கேரளத்தின் தலித் எழுச்சியைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த வண்டியிலிருந்துதான் பேசத் தொடங்குகிறார்கள்.

நம் பக்கம் மட்டும் என்ன? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். எங்கள் ஆள் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிய பெயரையே பொறுக்காத சமூகம் இது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் இருப்பது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

“சரி, வண்டி வேணும். புது வண்டி எடுக்க வேண்டியதுதானே? அரசாங்கம்தான் அள்ளிக் குடுக்குதே.” டீக்கடையில் இன்னொருவர் கேட்டது.

அள்ளிக் கொடுப்பதைப் பார்ப்போம். 2016இல் தொடங்கி 2025 வரை இருந்த ஸ்டாண்டு அப் இந்தியா திட்டத்தில், ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு எஸ்.சி. அல்லது எஸ்.டி.க்குத் தொழில் கடன் தர வேண்டியிருந்தது. தொகை 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை. ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் கேட்கிறவனுக்கு அந்த வாசலில் வேலை இருக்கவில்லை. அவன் கேட்டது குறைவாம்! தமிழ்நாட்டில் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. நாம் புதுச்சேரி.

புதுச்சேரியில்? இங்கேதான் நம் ஊருக்கே உரிய கத்தி ஒன்று இருக்கிறது. 1964 மார்ச் 5 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, அந்தத் தேதிக்கு இங்கே குடியிருந்தவர் வழி வந்தவர் ‘பூர்வீகம்’, மற்றவர் ‘குடிபெயர்ந்தவர்’ என்று பட்டியல் சாதி மக்களையே இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். தம்பியின் தாத்தா விழுப்புரம் பக்கத்திலிருந்து அதற்குப் பிறகு பிழைக்க வந்தவர். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். தம்பி பிறந்தது, படித்தது, குப்பை அள்ளியது எல்லாம் இங்கே. சாதி மட்டும் குடிபெயர்ந்த சாதி. சேரியில் வாடகைக்கு வீடு தரும்போது யாரும் ‘நீ பூர்வீகமா, குடிபெயர்ந்தவனா’ என்று கேட்டதில்லை. கடன் மனு நீட்டும்போது கேட்கிறார்கள்.

சாதி கேட்காத முத்ரா கடன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதையும் கேட்டுப் பார்த்தோம். ஒரு வங்கிக் கிளையில் எங்களிடம் கேட்டது ஷோரூம் கொட்டேஷன். பழைய வண்டிக்கு ஷோரூம் எங்கிருந்து கொட்டேஷன் தரும்? புது வண்டிக்கு வாங்கி வந்தால் முன்பணம் கட்ட வேண்டும், அந்த முன்பணமே இந்தப் பழைய வேனின் விலை. நாலு முறை நடந்தான். நாலு நாள் கூலி போனது. மிச்சம் இருந்தது தண்டல்காரர். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பார். ஆண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள், வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அந்தக் கைக்கு அவன் போகக் கூடாது என்றுதான் மன்றம் பணம் கொடுத்தது.

கழிவுக்கு என்றால் மட்டும் கதவு கொஞ்சம் லேசாகத் திறக்கிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் இயந்திர வண்டி வாங்கத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மானியத்தோடு கடன் என்று ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டம் சொல்கிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மனிதன் குழிக்குள் இறங்குவதற்கு இயந்திரம் இறங்குவது ஆயிரம் மடங்கு மேல். 2013இல் சட்டம் போட்டும், 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றும், 2023இல் அதை 30 லட்சம் என்றும் சொல்லியும், சாவு நிற்கவில்லை. நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11 அன்று, வீட்டுக் கழிவறை வழியாக ஏறிய விஷவாயு ஒரு பள்ளி மாணவி உள்ளிட்ட மூன்று பேரைக் கொன்றது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் குழாய்க்குள் இறங்குகிறவன் நிலை என்ன? ஆனால் குப்பையை விட்டு வெளியே வர வண்டி கேட்கிறவனிடம், இன்னும் பெரிய கழிவு வண்டியை நீட்டுவதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைப்பது என்ன நியாயம்? அவனுக்குத் தக்காளி ஏற்ற வேண்டும். வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

வேனைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, அடுத்த தெருவில் ஒருவர் வாஞ்சையாகத்தான் கேட்டார்: “என்னப்பா, பொண வண்டியா?” நம் பையன் வண்டி வாங்கினால் ஒன்று கழிவு, இல்லை பிணம். தம்பி சிரித்துக்கொண்டே, “இல்ல சார், ஷிஃப்டிங்கு. உங்க வீடு மாறும்போது சொல்லுங்க” என்றான். எனக்கு அந்த நிதானம் வராது.

துருவைப் பற்றியும் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், காசு மன்றத்துடையது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சொந்தக்கார மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அரை நாள் பார்த்தோம். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் 14 வருடம் நின்ற தகடு எப்படி இருக்கும்? ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு ‘டங்’ என்றது, உளுத்தது ‘பொத்’ என்றது. காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி வைத்து பெயின்ட் அடித்த இடம். பார்த்த முதல் வேன் வெளியே பளபளப்பு, அடிச்சட்டத்தில் பட்டை மாட்டும் இடம் விரலால் குத்தினால் உதிர்ந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். இது மூன்றாவது. கதவு ஓடும் சேனல், படிக்கட்டுத் தகடு, பின் சக்கர வளைவு, தரையில் மேட்டுக்கு அடியில் இரண்டு ஓட்டை எல்லாம் துரு. அடிச்சட்டம் கெட்டி. பிரேக் பைப்பை மட்டும் பேரம் இல்லாமல் புதிதாக மாற்றச் சொன்னோம். டிங்கரிங், வெல்டிங், அடியில் ஆன்டி ரஸ்ட் எல்லாம் சேர்த்து 11,000 ஆனது. அது அவன் அண்ணன் கொடுத்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கம்பெனி 2019இல் ஆம்னி தயாரிப்பதை நிறுத்திவிட்டாலும் உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்தப் பட்டறைப் பையனும் பிரிப்பான்.

இப்போது மூத்த தோழரின் கோபத்தில் இருக்கும் உண்மைக்கு வருகிறேன். அவர் சின்ன வயதில் பண்ணையார் வீட்டுப் பழைய சட்டையைப் போட்டு வளர்ந்தவர். பழைய சோறு, பழைய துணி, பழைய நோட்டு. பழசு என்றாலே அவருக்கு உடம்பு எரியும், அது எனக்கும் புரியும். செத்த மாட்டைத் தின்னாதே, எச்சிலை வாங்காதே என்று 1927இல் மகாத்தில் அண்ணல் சொன்னதும் அந்த எரிச்சலில்தான். ஆனால் தோழர், பண்ணையார் கொடுத்த சட்டைக்கு நாம் விலை பேசினோமா? இந்த வேனுக்குப் பேசினோம். 1,40,000 சொன்னதை, கொள்ளும் குறையும் காட்டி 1,15,000க்கு இறக்கினோம். பிடிக்காத முதல் இரண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தோம். கூலிக்குப் பதிலாக எறிந்ததை வாங்கிக்கொள்வதும், பார்த்து, தட்டி, பேரம் பேசி வாங்குவதும் ஒன்றா?

உண்மையான அடிமைத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைத் தோழர் பேசவில்லை. நம் பையன்கள் எத்தனை பேர் இன்னொருவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? “ஓட்டிக்கோ, கட்டி முடி, அப்புறம் பேர் மாத்தித் தரேன்” என்று வாய்ப்பேச்சு. இருபது மாதம் கட்டியவனிடம் ஒரு சண்டையில் சாவியைப் பிடுங்கிக்கொண்டால் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இந்த வேனை விற்றவரும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தார், ‘பேரெல்லாம் மெதுவா மாத்திக்கலாம் தம்பி’. மாட்டோம் என்றோம். படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் பணம் கைமாறியது. பெயர் மாற்றாமல் விற்றால் விபத்துக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை எடுத்துச் சொன்னதும் ‘மெதுவா’ போய் ‘நாளைக்கே வாங்க’ ஆகிவிட்டது. பழைய வண்டி வாங்கப் போகிற தம்பிகள் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும். செக்கிங்கில் நிறுத்தி, ‘பேட்ஜ் எங்கே, கமர்ஷியல் லைசென்ஸ் எங்கே’ என்று நம் தெரு முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். 7,500 கிலோவுக்குள் மொத்த எடை உள்ள வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி அங்கீகாரம் வேண்டாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவே விலக்கு கொடுக்கிறது. இரண்டையும் பிரின்ட் எடுத்துத் தம்பியின் டேஷ்போர்டில் வைத்தாயிற்று. எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் தேதி தவறாமல் இருக்க வேண்டும் என்பது மன்றத்தின் நிபந்தனை. அதில் தப்பு செய்தால் நானே திட்டுவேன்.

என் கவலை வேறு. வண்டிக்கு 15 வயது நெருங்குகிறது. 15 ஆண்டு கடந்தவற்றுக்கு ஒன்றிய அரசு 2021இல் அறிவித்து 2022 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த கட்டணத்தைப் பாருங்கள். பஸ், லாரிக்கு எஃப்.சி. 1,500லிருந்து 12,500. சொந்தக் கார் பதிவைப் புதுப்பிக்க 600லிருந்து 5,000. சிறிய சரக்கு வண்டிக்கு லாரியைவிடக் குறைவு, ஆனால் அடி அதே அடிதான். பழைய வண்டி புகை விடுகிறது, சுற்றுச்சூழல் கெடுகிறது என்கிறார்கள். புகை கெடுதல்தான், அதில் எனக்கு வாதமில்லை. சாலையோரம் குடியிருக்கும் நம் குழந்தைகள்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். ஆனால் புகைச் சோதனையில் தேறும் வண்டியைப் பிறந்த தேதி பார்த்து ஏன் தண்டிக்க வேண்டும்? ஐந்து வருடத்துக்கு ஒரு கார் மாற்றுகிறவர் தள்ளிவிட்ட வண்டியைத்தான் பத்தாவது வருடத்தில் ஏழை வாங்குகிறான். விலையேற்றம் மட்டும் கடைசிக் கையில் வந்து விழுகிறது. டெல்லியில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளைத் தடுத்து எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பதைப் பார்த்தோமே.

இதைக் கேட்க வேண்டிய நம் தலைவர்கள் எங்கே? கொடி கட்டிய வெள்ளைக் கார்களில் காமராஜ் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள். நான் அவர்கள் காரில் போவதைக் குறை சொல்லவில்லை, போகட்டும், நம் தலைவர் நடந்து போக வேண்டும் என்று சட்டமா? ஆனால் அந்த ஊர்வலத்தில் பத்துக் காருக்கு டீசல் போடும் காசில் ஒரு தெருவுக்கு ஒரு வேன் வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர் யாரும் இல்லை. வண்டியை இயக்கத்துக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2015 டிசம்பர் முதல் 2016 ஏப்ரல் வரை சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 125 நாள் ஒரு பஸ்ஸில் நாடு முழுக்கச் சுற்றியது, ‘எங்களைக் கொல்லாதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டு. அந்த பஸ் புதுசா பழசா என்று யாராவது கேட்டார்களா?

வேன் ஓடத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. முதல் தவணை 2,500 வந்துவிட்டது, ரசீது போட்டுக் கொடுத்தோம். கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான். ஒரு நாள் 45 அடி சாலையில் கிளட்ச் கேபிள் அறுந்து மூன்று மணி நேரம் நின்றது, வாடகை போயிற்று. ஒரு வீட்டில் சாமான் இறக்கிய பிறகு தண்ணீர் கேட்டதற்கு வாசல் குழாயைக் காட்டினார்கள், சொம்பு வரவில்லை. தம்பி அந்த வீட்டு நம்பரை ‘இனி வேண்டாம்’ என்று சேமித்து வைத்திருக்கிறான்.

ஏப்ரல் 14க்கு இந்த ஆண்டு ஒரே பேனர், எட்டுக்கு ஆறு. மூத்த தோழர் அவர் பகுதியில் நடத்தும் கூட்டத்துக்கு நாற்காலியும் மைக் செட்டும் ஏற்ற வண்டி தேடுவதாகக் கேள்விப்பட்டேன். சாரத்துக்குள் என்றால் வாடகை 600, லாஸ்பேட்டை தாண்டினால் 800. ஏற்றுக்கூலி தனி. தோழர் என்பதற்காகத் தம்பி குறைக்க மாட்டான், குறைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜெய் பீம்.